வைத்த கை

போல்ட்டின் மரையில் முதல் அசைவு தெரிந்த நேரம் பார்த்துத்தான் கண்ணுசாமி கடலை மில்லின் வாசலில் வந்து நின்று, "அங்கமுத்தண்ணா" என்று கூப்பிட்டான்.

அங்கமுத்து திரும்பவில்லை. ஸ்பேனர் ஒரு மயிரிழை நகர்ந்ததா, தன் மணிக்கட்டுதான் நகர்ந்ததா என்று அவனுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. எண்ணெய் என்ஜினின் தலைமூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மற்றவையெல்லாம் காலையிலேயே சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வந்து சாக்கின்மேல் படுத்துக்கொண்டன. இது ஒன்றுதான் துருவேறி, உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டாயிற்று. விடிந்ததும் சுற்றிலும் கரி மூட்டி, கையாள் மாரி துருத்தி ஊத, இரும்பைச் சூடேற்றியாயிற்று. அந்தச் சூடு ஆறுவதற்குள் கழன்றால் உண்டு. ஆறிவிட்டால் முன்னைவிட இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் பலத்தைக் காட்டினால் கழுத்து முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். சேலத்திலிருந்து கடைசல்காரன் வந்து துளை போட்டு எடுக்கிறவரைக்கும் மில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். வெளியே களத்தில் உடைக்காத கடலை அம்பாரமாகக் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி வானத்தையும் அங்கமுத்துவின் கையையும் மாறி மாறிப் பார்த்தபடி, விரிக்காத குடையோடு உலாத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அண்ணி உங்களைக் கூட்டியாரச் சொல்லுச்சுங்க."

"என்னவாமா?" என்றான் அங்கமுத்து, கண்ணை எடுக்காமல்.

"காச்சலுங்க. ஒடம்பு அனலாக் கொதிக்குது."

"இன்னைக்கு வராத நாளாச்சே?"

கண்ணுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் பக்கத்து வீட்டுக்காரன், மாட்டுவண்டி ஓட்டுகிறவன். அந்தத் தெருவில் எல்லோருக்கும் குஞ்சம்மாளின் காய்ச்சலைத் தெரியும். மேட்டூரில் அணை கட்டிய காலத்தில், புருஷனும் பெண்சாதியும் கூலி லைனில் குடியிருந்தபோது அவளைப் பிடித்த காய்ச்சல் அது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது உறவுக்காரன் மாதிரி வந்து சில நாள் தங்கிவிட்டுப் போகும். ஒருநாள் குளிர் தூக்கிப் போடும், கொதிக்கும், வேர்த்து ஊற்றும், அடங்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து களை வெட்டப் போவாள். அதற்கு மறுநாள் திரும்பவும் வரும். வருகிற நாளைக்குக் கம்பளியும் கொயினா மாத்திரையும். வராத நாளைக்கு அவரவர் சோலி. முறை தவறவே தவறாது. மனிதர்களைவிடச் சொல் சுத்தமான காய்ச்சல் என்று அங்கமுத்துவே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். நேற்று வந்து போயிற்று. ஆகவே இன்று வராத நாள். அந்தத் தைரியத்தில்தான் காலையில் அவள் கரைத்துக் கொடுத்த கம்மங்கூழைக் குடித்துவிட்டு வந்திருந்தான்.

"பேச்சு ஒரு மாதிரி கொழறுதுங்கண்ணா. ஆத்தாயிதான் கூட உக்காந்திருக்கறா. ஒரு எட்டு வந்து பாத்துப்போட்டு வந்தர்லாமுங்க."

ஆத்தாயி என்பது கண்ணுசாமியின் பெண்சாதி. அங்கமுத்து ஒரு கணம் தயங்கினான். தயங்கியது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணத்தில்தான் ஸ்பேனர் மறுபடியும் நகர்ந்தது, இம்முறை சந்தேகமில்லை.

மேட்டூரில் இரும்பு வேலை பழகியபோது ஒரு வழக்கம் அவன் எலும்போடு ஊறிப் போயிருந்தது. பிடித்துக்கொண்ட போல்ட்டில் வைத்த கை மாறக்கூடாது. இரும்பு எவ்வளவு இடம் கொடுக்கிறது, எங்கே முறுக்கிக்கொள்கிறது என்பது வைத்த கைக்கு மட்டுமே தெரியும். நடுவில் இன்னொருவன் வாங்கித் திருப்பினால் பத்துக்கு எட்டு முறிவுதான். அணையில் அப்படி முறித்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். மாரியிடம் கொடுத்துவிட்டுப் போவது என்ற எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ முன்னால போ, கண்ணுசாமி. பின்னாலயே வாரேன்னு சொல்லு. சித்த பொறுக்கச் சொல்லு. அவசரப்படுத்துனா இது ஒடைஞ்சு போயிரும்."

கண்ணுசாமி நின்றான். மாட்டை அதட்டத் தெரிந்தவனே தவிர மனிதரை அதட்டிப் பழக்கமில்லாதவன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அங்கமுத்து குனிந்து போல்ட்டின் தலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். மில்லில் எல்லோருக்கும் தெரிந்த கூத்துத்தான் இது. மற்றபடி வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத மனுஷன், இரும்பிடம் மட்டும் கொஞ்சுவான்.

"வா சாமி. என்ன கோவம் உனக்கு? வா கண்ணு, நாந்தான். ஆரும் உன்னை அடிக்கலை. கொஞ்சம் எடங்குடு. அப்புடித்தான், என்ற ராசா."

முன்னால் கொஞ்சம் திருப்பினான். திருப்பிய உடனே அதில் பாதியைப் பின்னால் விட்டான். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். பார்க்கிறவர்களுக்குப் போன வழியே திரும்புகிற பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அப்படிப் பின்னால் விட்டால்தான் துரு உதிர்ந்து மரை வழிவிடும். ஒரே முகமாக முன்னால் இழுக்கிறவன் முறித்துவிடுவான். மாரி துருத்தியை மெல்ல ஊதிக்கொடுத்தான். முதலாளி உலாத்துவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு அந்தப் போல்ட்டு, இத்தனை அடமும் விளையாட்டுக்குத்தான் என்பதுபோல, விரலுக்கே சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

மாரி கையைத் தட்டினான். முதலாளி தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து தாமே நீட்டினார். அது அந்த மில்லில் எவருக்கும் நடக்காத மரியாதை. அங்கமுத்து இரண்டு வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு வாயில் போட்டுக்கொண்டான். போல்ட்டைச் சாக்குத் துணியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரை ஒன்றும் சிதையவில்லை. மூடியை எப்படி ஏற்றுவது, எந்தப் போல்ட்டை முதலில் இறுக்குவது என்று மாரிக்குச் சொல்லிக்கொடுத்தான். மாரி ஏதோ கேலி பேச, சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம்தான் நினைவு வந்தது. "ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாரனுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

தெருமுனையைத் திரும்பும்போது ஆத்தாயியின் அழுகுரல் கேட்டது. அவளுக்கு எடுப்பான குரல். அது யாருக்காக எழுந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கமுத்து அப்படியே நின்றான். அந்த நிலையில் அவனுக்கு முதலில் உறைத்தது ஒன்றுதான்: வாய் நிறைய வெற்றிலை. வேலியோரமாகப் போய்த் துப்பினான். பக்கத்துக் களத்துத் தொட்டியில் தண்ணீர் அள்ளிக் கொப்பளித்தான். மறுபடி மறுபடி கொப்பளித்தான். நாக்கை விரலால் தேய்த்தான். நல்ல கொழுந்து வெற்றிலை, மனசாரக் கொடுத்த வெற்றிலை. அது பிடித்தால் விடுமா? உதடு ரத்தம்போலச் சிவந்தே இருந்தது.

ஒற்றை அறை வீடு. குஞ்சம்மாள் பாயில் கிடந்தாள், தலை வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. ஆத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். அழுகையை ஒரு நொடி நிறுத்திவிட்டு, பார்த்ததை மறைப்பவள்போலத் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

"ஏனுங்கண்ணா, சித்த முன்னால வந்திருக்கக் கூடாதா? வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சே! இப்பத்தானுங்க, உசுரு போச்சு. பின்னாலயே வாராங்க, கொஞ்சம் பொறு அம்மிணின்னு சொன்னேன். செரின்னு தலையாட்டுச்சுங்க. அம்புட்டுத்தான்."

அங்கமுத்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். கிட்டப் போய் உட்காரவும் இல்லை. அப்படியே பின்வாங்கி வெளியே வந்து, கண்ணுசாமி அவிழ்த்துப் போட்டிருந்த வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். வந்தவர்கள், போனவர்கள், கையைப் பிடித்தவர்கள் யாருக்கும் அவன் வாய் திறக்கவில்லை. அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோயிற்று என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல. வாயைத் திறந்தால் சிவப்புத் தெரியும். பெண்டாட்டி உயிருக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவன் என்று தெரியும். ஊர் தெரிந்துகொண்டால்கூடப் போகட்டும், அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவன் உள்ளே போகாமல் இருந்தான். செத்தவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

போல்ட்டுக்காக நின்றதைக்கூட அவன் மனசு ஏதாவது நியாயம் சொல்லித் தேற்றிக்கொள்ளும். வராத நாள், சூடு ஆறிவிடும், மழை வருகிறது என்று ஆயிரம் சொல்லலாம். ஆனால் போல்ட்டு வெளியே வந்த பிறகு சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கு என்ன சொல்வது? அது யாருக்கும் தேவைப்படாத நேரம். அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

கண்ணுசாமிதான் வெளியூருக்குச் சொல்லியனுப்பினான், பாடைக்கு மூங்கில் பார்த்தான், குழி வெட்ட ஆள் பிடித்தான். அங்கமுத்துவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நடந்ததைப் பற்றிப் பேசவும் இல்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அங்கமுத்து அதையும் வாய் கொப்பளிக்கத்தான் செலவழித்தான்.

பொழுது சாயத் தொடங்கியபோது குஞ்சம்மாளின் அண்ணன் மாதையன் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு பெண்சாதி செல்லியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்துசேர்ந்தான். தங்கச்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். வெளியே வந்து, "மாப்பிள்ளே, உங்களைத் தனியா உட்டுப்போட்டுப் போயிட்டாளே" என்று அங்கமுத்துவைக் கட்டிக்கொண்டான். அங்கமுத்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அங்கே வாய் தெரியாது.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் பெண்கள் நகையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். காதில் கிடந்ததெல்லாம் வந்துவிட்டது. கால் மெட்டி சோப்புப் போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. மூக்குத்திதான் வரவில்லை. ஆத்தாயி தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தாள். செல்லியம்மாள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகிப் பார்த்தாள். இன்னும் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். மூக்கின் உள்ளே இருந்த திருகாணி அசைவதாக இல்லை.

"மஞ்சப்பொடி ஏறி இறுகிப்போச்சாட்ட இருக்குது."

"அப்புடியே இருந்துட்டுப் போவுட்டுங்கக்கா, பாவம்."

"அதெப்புடி? தங்கத்தோட மண்ணுக்குள்ள வெப்பாங்களா? போன வருசம் சரபங்கா ஆத்துக் கரையில அந்தப் புள்ளையத் தோண்டிப் போட்டாங்களே, மறந்துபோச்சா?"

அது யாருக்கும் மறக்கவில்லை. காதுத் தோட்டுக்காக எவனோ குழியைத் தோண்டி, காலையில் நரி இழுத்துக் கிடந்த கோலத்தை ஊரே பார்த்தது. பிறகு செல்லியம்மாளின் குரல் கேட்டது. அவள் கெட்டவள் இல்லை; பொழுது இறங்குகிற பதற்றம் அவளுக்கு.

"ஒரே இழுப்பா இழுத்துப்போடலாமுங்க. கிழிஞ்சாக் கிழியுது. இனி அவளுக்கு என்ன நோவு?"

அங்கமுத்து எழுந்தான்.

அவனுக்கு மட்டும்தான் தெரியும், அது மஞ்சள் ஏறி இறுகியதில்லை என்று. இறுக்கியவன் அவன்.

அந்த மூக்குத்தி கல்யாணத்தில் மாதையன் போட்டது. அதன் திருகாணி மட்டும் நிலையில்லாமல் சுழன்று சுழன்று கழன்றுவிடும். ஒருதரம் கிணற்றடியில் விழுந்து, பொழுதெல்லாம் சேற்றைச் சலித்துத் தேடி எடுத்து வந்து அழுதாள். ஆசாரியிடம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அங்கமுத்து ஒரு விடுமுறை நாளில் அவளைச் சூரிய வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்து, என்ஜினில் ஆடுகிற மரைக்குச் செய்கிற வைத்தியத்தையே அதற்கும் செய்தான். அரக்கை உருக்கி, ஊசிமுனையில் துளி எடுத்து, மரையில் தடவி, சூடு ஆறுமுன் சின்னக் குறட்டால் இறுக்கிவிட்டான். மூக்குத்திக்கு யாராவது அரக்கு வைப்பார்களா? மில்லில் பிழைக்கிறவனுக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

அன்றைக்குத்தான் அவன் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தியிருந்தாள். அவன் கையில் மண்ணெண்ணெய் நாற்றம். மூக்கைச் சுளித்தாள், சிரிப்பை அடக்கினாள், அடக்க முடியாமல் சொன்னாள்: "ஏனுங்க, அந்த இரும்புங்ககிட்ட சாமி, கண்ணுன்னு என்னமோ பேசறீங்களாமா. அதுல ஒரு வாய் எங்கிட்டப் பேசுனா எனக்குக் காச்சலே வராதுங்க."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஆடாம இரு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவளை அவன் அடித்ததில்லை, வைததில்லை. மேட்டூர் லைனில் பிறந்த குழந்தை அங்கேயே மண்ணுக்குப் போனபோதுகூட ஒரு சொல் ஆறுதலாகச் சொல்லத் தெரியாமல், விறகு வெட்டிப்போட்டான், தண்ணீர் எடுத்து ஊற்றினான். கூப்பிடுவதென்றால் "இந்தா" என்பான். அவளும் அதற்கே திரும்பிப் பழகிவிட்டாள். வேலை முடிந்து கண்ணாடித்துண்டில் மூக்கைப் பார்த்துவிட்டு, "இனி என்ற உசுரே போனாலும் இது போவாதுங்க" என்றாள் சந்தோஷமாக.

அவன் கூரையின் இறவாணத்தில் கையைவிட்டுச் சின்னக் குறட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். பெண்கள் ஒதுங்கினார்கள்.

"மாப்பிள்ளே, நீங்க எதுக்குங்க?" என்றான் வாசலில் நின்ற மாதையன். அங்கமுத்து கையை மட்டும் அசைத்தான்.

அவள் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். இத்தனை பேர் முன்னிலையில் அவன் அவளைத் தொட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான். உடம்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. அல்லது அவன் கைதான் சில்லிட்டிருந்தது. பல கை பட்டு மூக்கின் ஓரம் கன்றியிருந்தது. எண்ணெய் வழிந்த இடத்தைத் துண்டின் நுனியால் துடைத்தான். தலைமாட்டு விளக்கின் சுடரில் குறட்டின் முனையைக் காட்டி, அதைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தான். சூடு அதிகம். ஆறவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

"அவளுக்குச் சுடவா போவுது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "சும்மா இருடீ" என்று ஆத்தாயி அதட்டினாள்.

குறட்டு முனையால் திருகாணியைப் பிடித்து, சூடு உள்ளே இறங்கக் காத்திருந்தான். ஆறியதும் எடுத்து மறுபடி விளக்கில் காட்டினான். மறுபடி மணிக்கட்டில் வைத்தான். மணிக்கட்டில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது. மறுபடி பிடித்தான். அரக்கு இளகுகிற மணம் மிக லேசாக வந்தது. விரலுக்கு அது தெரிந்தது. இப்போது திருப்ப வேண்டும். கைப்பழக்கத்தில் உடம்பு தானாகக் குனிந்தது. வாய் அவள் காதருகே போயிற்று. அத்தனை நேரம் இறுக்கி வைத்திருந்த உதடு அங்கே பிரிந்துபோயிற்று.

"ஆடாம இரு" என்றான்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் ஆடவில்லை. ஆத்தாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன், சாமி" என்றான். "வந்துட்டேன், கண்ணு. கோவிச்சுக்காத. ஒண்ணும் பண்ணமாட்டேன். மெதுவாத்தான்... நாந்தான்."

சிவந்த வாய் எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது அவனுக்கு அது நினைவில் இல்லை.

திருகாணி நகர்ந்தது. முன்னால் கொஞ்சம் திருப்பினான். பின்னால் அதில் பாதியை விட்டான். அந்த நேரத்தில் ஊருக்கு மேற்கே கடலை மில்லில் என்ஜினைக் கிளப்பினார்கள். முதலில் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டு, டுக் டுக்கென்று தெரு முழுக்கக் கேட்டது. மாரி மூடியைச் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறான். ஓட்டம் சீராக இருந்தது. அங்கமுத்துவின் காது அதைக் கணித்துவிட்டது. கணித்ததற்காக அவன் தன் காதையே வெறுத்தான். வாசலில் நின்ற கண்ணுசாமி மில் இருந்த திசையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

இன்னும் கொஞ்சம் முன்னால்; இன்னும் கொஞ்சம் பின்னால். மரைக்குள்ளிருந்து துளித்துளியாய் அரக்கு உதிர்ந்து அவன் விரலில் ஒட்டியது. குறட்டைக் கீழே வைத்துவிட்டான். விரலுக்கே சுற்ற ஆரம்பித்திருந்தது. இனி ஒன்றுமில்லை, ஒரு சுற்று. செல்லியம்மாள் மூக்குத்தியை வாங்கிக்கொள்ள உள்ளங்கையை நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

அங்கமுத்து நிறுத்தினான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது கழன்றால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு திருகாணியை மெல்லப் பின்பக்கமாகத் திருப்பினான். திருப்பிக்கொண்டே போனான்.

"ஏனுங்கண்ணா" என்றாள் ஆத்தாயி தணிந்த குரலில், "மறுபடியும் உள்ளதானுங்களே போவுது?"

"சித்த பொறுங்க" என்றான் அங்கமுத்து. "அவசரப்படுத்துனா வராது."

வெளியே பாடை தூக்குகிறவர்கள் பொழுதாகிவிட்டதென்று சத்தம் போட்டார்கள். கண்ணுசாமி வாசலை அடைத்துக்கொண்டு அவர்கள் பக்கமாகத் திரும்பி நின்றான்.

"இருங்கப்பா" என்றான். "பின்னாலயே வாரோம்."